ஒரு துளி இரத்தமும் ஒரு நாள் கூலியும்

"காய்ச்சலெண்டு சொன்னா இண்டையச் சம்பளம் போச்சு ஐயா. நீங்கள் விரலில குத்திப்போட்டுப் போயிடுவியள். பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?"

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கல் குவாரி ஒன்றில், கம்பிரசர் இரைச்சலுக்குள் என் காதருகே குனிந்து ஒருவர் சொன்னது இது. போர் முடிந்து ஒரு வருடம் கழிந்திருந்த நேரம். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கருங்கல் வெயிலில் கொதிக்கிறது, அவருக்கு மட்டும் பல் கிட்டுகிறது. ஆனாலும் துளைக்கிற இயந்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் கண்ணாடித் தகடு, ஊசி, பஞ்சு எல்லாம் இருந்தன. அவர் கேட்டதற்குப் பதில் மட்டும் இருக்கவில்லை.

அந்தக் குளிரை எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்தோடு சனமாக நாங்களும் வெளிக்கிட்டு, அடுத்த வருடம் மல்லாவிக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காலத்தில் வன்னிக்கு வந்தவர்களில் மலேரியா பிடிக்காதவர்கள் குறைவு. அம்மாவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் காய்ச்சல் வரும். பின்னேரம் மூன்று மணியானால் நடுங்கத் தொடங்குவா. இருக்கிற சாரம், சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடி, மேலே நானும் தங்கச்சியும் படுத்து அமத்திப் பிடிப்போம். பிறகு வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் இறங்கும், எழும்பி அடுப்பு மூட்டுவா. குளோரோகுயின் குளிசை கிடைத்தபோது குடித்தா, கிடைக்காதபோது வேப்பம்பட்டை அவித்துக் குடித்தா. 1999 இல் இலங்கை முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா பதிவானது. அதில் எங்கள் பக்கத்தின் பங்கு சிறியதல்ல. எனவே ஒரு சுகாதாரத் திட்டத்தில் வெளிக்கள வேலை கிடைத்தபோது, சம்பளத்தைப் பார்த்து மட்டும் நான் போகவில்லை.

எங்கள் வேலை காய்ச்சல்காரரைத் தேடிப் பிடித்து, மலேரியா இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு எடுப்பது. வீடுகள், வீதிகள், ஏ9 பாதை என்று எங்கும் கட்டுமானம் நடந்த காலம் அது. கல்லுக்கு அவ்வளவு தேவை. நெடுங்கேணி, ஓமந்தை, ஒட்டுசுட்டான் பக்கமெல்லாம் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்து, குவாரி ஓரத்தில் தகரக் கொட்டில் போட்டுத் தங்கினார்கள். மலேரியாவுக்கு அதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. மாரி மழையில் கல் வெட்டிய குழிகளில் நீர் நிறையும். தை, மாசியில் மழை ஓய்ந்ததும் அந்த நீர் தெளிந்து, வெயில் பட்டுப் பளிங்குபோல் கிடக்கும். டெங்கு நுளம்புக்கு ரயரும் சிரட்டையும் போதும். எங்கள் மலேரியா நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிசுக்குப் பிடித்தது இப்படித் தெளிந்த, வெயில் படுகிற நீர்தான். ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டை, கைவிட்ட கிணறு, கல்லுக் குழி மூன்றும் அதற்கு ஒன்றே.

முதல் மாதம் காலை பத்து மணிக்குப் போனோம். அது தவறான நேரம் என்று தெரிய அந்த மாதம் முழுவதும் பிடித்தது. பத்து மணிக்குத் துளைப்பு உச்சத்தில் இருக்கும். காய்ச்சல்காரரும் "சுகமா இருக்கிறம்" என்பார். பிறகு காலை ஐந்தரைக்கு, தேத்தண்ணிக்கு வரிசை நிற்கும் நேரத்தில் போனோம். தேத்தண்ணி ஒரு கையில், மற்றக் கையின் விரல் எங்களிடம். தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் எடுக்க இரண்டு நிமிடம் போதும். எண்ணிக்கை உடனே கூடியது. ஆனாலும் நிசமாகவே காய்ச்சல் காய்கிறவர்கள் கொட்டிலுக்குள் ஒளித்துக்கொண்டார்கள். ஏனென்று கேட்டால், முதல் பந்தியில் சொன்ன பதில்தான்.

கடைசியில் முதலாளியிடம் போய் உட்கார்ந்தேன். நோய், சுகாதாரம், மனிதாபிமானம் என்று முதலில் கதைத்தேன். தலையாட்டினார், அவ்வளவுதான். பிறகு அவருடைய கணக்கிலேயே பேசினேன். துளைக்கிறவர் விழுந்தால் வெடிமருந்து அடைக்கிறவருக்கு வேலையில்லை, கல் பிரிக்கிறவர்களுக்கு வேலையில்லை, கல் ஏற்றுகிற ரிப்பர் லொறிகள் வெறுமனே நிற்கும். முதல் நாளே மருந்து எடுத்தால் இரண்டு மூன்று நாளில் திரும்பி வருவார். மறைத்துக்கொண்டு வேலை செய்தால் ஒரு கிழமை படுப்பார், அதற்குள் அவரைக் கடித்த நுளம்பு கொட்டில் முழுவதற்கும் கொடுத்துவிடும். இதைச் சொன்னதும் பேனையை எடுத்தார். காய்ச்சலுக்கு இரத்தம் கொடுத்தவருக்கு அன்றைய சம்பளம் குறையாது, மலேரியா என்று உறுதியானால் மூன்று நாள் முழுச் சம்பளம் என்று எழுதித் தந்தார்.

முதல் கிழமை குவாரியில் பாதிப் பேருக்குக் "காய்ச்சல்". முதலாளி எனக்கு அழைப்பெடுத்துக் கத்தினார். இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னேன், என் நெஞ்சும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் கிழமை வழமைக்கு வந்தது. சம்பளம் வெட்டப்படாது என்று நம்பிக்கை வந்த பிறகு பொய்க் காய்ச்சலுக்கு அவசியம் இருக்கவில்லை. தொழிலிடத்தில் நோய்த் தடுப்பு நடத்தப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சுவரொட்டி அச்சடிக்க முன் சம்பளப் புத்தகத்தைப் பாருங்கள்.

மருந்து குடிக்க வைப்பது அடுத்த பாடு. எங்கள் பக்கம் கூடுதலாக இருந்த வைவாக்ஸ் வகை மலேரியா, ஈரலில் ஒளிந்து கிடந்து மாதங்கள் கழித்தும் திரும்ப எழும்பும். குளோரோகுயின் மூன்று நாளில் காய்ச்சலை இறக்கிவிடும், ஈரலில் கிடப்பதைத் துடைக்கப் பதினான்கு நாள் பிரைமாகுயின் வேண்டும். நாலாம் நாள் சுகமான மனிசன் பதினான்காம் நாள்வரை ஏன் குளிசை விழுங்கப் போகிறார்? சிலரின் உடலில் ஒரு நொதியம் குறைவாக இருந்தால் பிரைமாகுயின் இரத்தத்தைச் சிதைக்கும் என்பதால், வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கண் வைத்திருக்கவும் வேண்டும். இதைச் செய்து காட்டியது எங்களில் ஒருவரும் அல்ல, குவாரிச் சமையல் அக்கா. குசினிக் கப்பில் தொங்கிய நாட்காட்டியில் குளிசைக்காரரின் பெயருக்கு ஒரு அடையாளம் போட்டிருந்தா, சின்னக் கத்தரிக்காய், மீன், தேங்காய் என்று படம். எழுத வாசிக்க அவ்வளவாகத் தெரியாது. இரவுச் சோற்றுக்கோப்பை நீட்டும்போது குளிசையையும் நீட்டுவா, விழுங்கினால்தான் குழம்பு. சலுகையே கிடையாது. போரில் மனிசனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கொட்டிலில் நாற்பது பேருக்குச் சமைத்த அந்த அக்காவிடம் நான் படித்தது, எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்கவில்லை.

நுளம்பு வலை பற்றியும் ஒன்று. மருந்தூட்டிய வலைகளைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போனால், பாதி வலைகள் பொதி பிரிக்காமல் தலையணையாக இருந்தன. கட்ட இடமில்லை. தகரக் கொட்டிலில் நாலு மூலைக்கும் நாலு ஆணி எங்கே இருக்கிறது? இரண்டு பக்கக் கப்புகளிலும் நீளத்துக்குக் கயிறு இழுத்துக் கட்டினோம், பன்னிரண்டு வலை தொங்கியது. கயிற்றின் விலை வலை விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. குழிகளில் குடம்பி தின்னும் கப்பி மீன் விட்டோம். கோடையில் குழி வற்ற மீனும் செத்துப்போகும், ஒவ்வொரு மாரிக்கும் திரும்ப விட வேண்டும். ஒருமுறை விட்டுப் படம் எடுத்து அறிக்கை எழுதுவதோடு முடிகிற வேலை அல்ல அது.

பயிற்சியில் எங்களுக்கு ஆபிரிக்கச் சுரங்கங்களின் கதையைச் சொல்லித் தந்தார்கள். கானாவில் ஒபுவாசி என்ற தங்கச் சுரங்க நகரம். 2005 அளவில் அங்கே சுரங்க ஆஸ்பத்திரிக்கு மாதம் ஆயிரக்கணக்கில் மலேரியா நோயாளர் வந்தார்கள், அதில் கணிசமானோர் சுரங்கத் தொழிலாளர். சுரங்க நிறுவனம் தன் குடியிருப்புக்கு மட்டும் நுளம்பு மருந்து அடிக்காமல் நகரம் முழுக்க வீடு வீடாக உட்சுவருக்கு அடித்தது. இரண்டு வருடத்தில் நோய் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு குறைந்தது. அதைக் கேட்டபோது எங்கள் குவாரிக்கு அரை மைலில் மீள்குடியேறிய கிராமம் ஞாபகம் வந்தது. தறப்பாள் வீடுகள், சுவரே இல்லை, மருந்து எங்கே அடிப்பது? குவாரி வேலிக்குள் மட்டும் நாங்கள் சுத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த கிழமையே கிராமத்துக்கும் வலை கேட்டு எழுதினோம்.

தென்னாபிரிக்காவின் கதை வேறு வகை. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்களைத் தனி விடுதிகளில் அடைத்து வைத்தே பல தலைமுறையாகத் தங்கம் தோண்டினார்கள். எச்.ஐ.வி. அங்கே காட்டுத்தீயாகப் பரவியது. கல் தூள் நுரையீரலைக் கெடுக்க, எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க, இரண்டும் சேர்ந்த இடத்தில் காசநோய் புகுந்து ஆட்களைக் கொன்றது. பொட்ஸ்வானாவின் வைரச் சுரங்க நிறுவனமான டெப்ஸ்வானா 2001 இலும், ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனம் 2002 இலும் தம் தொழிலாளருக்கு எச்.ஐ.வி. மருந்து கொடுக்க முன்வந்தன.

இலங்கையில் எச்.ஐ.வி. மிகக் குறைவு. அந்த அளவு வேறு, இந்த அளவு வேறு. ஆனால் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிற ஆண்கள், இரவிரவாக ஓடுகிற ரிப்பர் சாரதிகள், சம்பள நாள், சாராயம் என்று பார்த்தால் குவாரி வாழ்க்கையின் அமைப்பு ஒன்றுதான். ஆகவே மலேரியா குறைந்து வந்தபோது எச்.ஐ.வி. நிகழ்ச்சியையும் குவாரிக்குக் கொண்டு போனோம். அங்கேதான் நாங்கள் ஒரு மனிதனுக்குக் கெடுதல் செய்தோம்.

விரும்பியவர்களுக்குக் குவாரியிலேயே இரத்தம் எடுக்க ஏற்பாடு. விருப்பம் என்றுதான் எழுதியிருந்தோம். சுப்பவைசர் பெயர்ப் பட்டியலை வைத்துக் கூப்பிட்டார், எல்லாரும் வந்து நின்றார்கள். சுப்பவைசர் கூப்பிடும்போது வராமல் விட ஒரு நாட்கூலிக்காரருக்கு எங்கே விருப்பம்? அதை அன்று நான் பார்க்கத் தவறினேன். இரண்டு கிழமை கழித்து, ஒவ்வொருவரையும் மேசைக்குக் கூப்பிட்டுப் பெறுபேறு சொன்னோம். ஒருவருக்கு மட்டும், பதுளைப் பக்கத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுத் தம்பி, "நீங்க ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்ப இரத்தம் குடுக்க வேணும்" என்று சொன்னோம். அவருடைய இரத்த மாதிரி பழுதாகிவிட்டது, சோதிக்கவே இயலவில்லை. அவ்வளவுதான் விசயம். அவருக்கு அதை விளக்கினோம். வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு அவருடைய வாடிய முகம் மட்டும் தெரிந்தது.

அன்று இரவு அவருடைய தேத்தண்ணிக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு வைக்கவில்லை. வெளியே தண்ணீர்ப் பீப்பாவின் மூடிமேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடுத்த நாள் வலைக்கயிற்றில் அவருடைய வலையை ஓரத்துக்குத் தள்ளிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் விடிய அவர் இல்லை. சமையல் அக்கா எனக்குச் சொன்னா: "அது நல்ல பொடியன் தம்பி. போகேக்க என்னட்ட ஒண்டு கேட்டுது, 'எனக்கு என்னக்கா வருத்தம்?' எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?" அவருக்குச் சேர வேண்டிய ஒன்பது நாள் சம்பளமும் அங்கேயே நின்றுவிட்டது. அதை அவருடைய தாயின் பெயருக்கு அனுப்ப வைத்தோம். அவர் என் தொலைபேசியை எடுக்கவேயில்லை. நோய் இருக்கிறதென்று யாரும் கண்டிராத ஒருவரை, நோயைத் தடுக்கப் போன நாங்கள் ஊரைவிட்டு ஓட வைத்தோம். இதை எந்த அறிக்கையிலும் எழுத அப்போது எனக்குத் துணிவு வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அதன்பிறகு சில விசயங்களில் நாங்கள் ஒரு அடியும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலைத்தலத்தில் எச்.ஐ.வி.க்கு இரத்தம் எடுப்பதை நிறுத்தினோம். அங்கே தகவல் மட்டும். சோதனை, மாவட்ட ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில். அங்கே இலவசம், அந்தரங்கம் காப்பார்கள், யாரும் அனுப்பிவைக்கத் தேவையில்லை, நேரே போகலாம். ஆனால் "போங்கோ" என்று சொன்னால் போக நாள் வேண்டுமே. முதலாளியோடு திரும்பவும் இருந்து, எல்லாருக்கும் மாதத்தில் அரை நாள் சம்பளத்தோடு ஆஸ்பத்திரி விடுப்பு வாங்கினோம். எதற்கென்று சொல்லத் தேவையில்லை, துண்டு காட்டத் தேவையில்லை. பல்லுக்குப் போனவரும் பிரசருக்குப் போனவரும் இரத்தச் சோதனைக்குப் போனவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். யார் எதற்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தனை பேர் சோதித்தார்கள் என்று மேலிடம் கேட்டபோது, அந்த எண்ணிக்கையை ஆஸ்பத்திரியிடம் கேளுங்கள், ஆளைத் தெரியாமல் தருவார்கள் என்றேன். சர்வதேசத் தொழில் தாபனத்தின் 2010 ஆம் ஆண்டுப் பரிந்துரையும் வேலைக்காகக் கட்டாயச் சோதனை கூடாது, நோய் நிலையைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. அதை அச்சடித்து முதலாளியின் மேசையில் வைத்தோம்.

மலேரியாவையும் எச்.ஐ.வி.யையும் ஒரே கூட்டத்தில் பேசியதும் பிழை. கூட்டம் முடிய ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வரும்: "அப்ப சேர், நுளம்பு கடிச்சா எயிட்சும் வருமா?" வராது. நுளம்பு குத்தும்போது தன் எச்சிலைத்தான் உள்ளே விடும், முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றில் வளர்ந்து, பத்து நாளுக்கு மேல் எடுத்து, அதன் எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். எச்.ஐ.வி. நுளம்பின் வயிற்றில் சமித்துப்போகும். இதைக் கூரைத் தகரத்தில் சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டினேன். பிறகு இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் ஒரு மாதம் விட்டோம். கோப்பையால் வராது, துவாயால் வராது, ஒரே கக்கூசால் வராது என்பதை அந்தத் தம்பி போனபின் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வார்த்தையாகச் சொன்னேன்.

ஆணுறையை ஆள் பார்க்கக் கையில் கொடுத்தால் யாரும் வாங்கார்கள். ரிப்பர்களின் முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரோடு வைத்தோம், குளிக்கும் மறைப்பின் பின்னால் ஒரு டப்பாவில் வைத்தோம். டப்பா தானாகக் காலியானது. சாரதிகள் தனியாக வந்து கேட்ட சந்தேகங்கள் கூட்டத்தில் கேட்டதைவிட நூறு மடங்கு பெறுமதியானவை. நேற்று தப்பு நடந்துவிட்டது, இன்றைக்குச் சோதித்தால் தெரியுமா? தெரியாது, சில கிழமை போக வேண்டும். ஆனால் 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றைத் தடுக்க மருந்து இருக்கிறது. வந்துவிட்டால் செத்துவிடுவோமா? இல்லை. மருந்து இலவசம், ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்குத் தனியாகக் குசினியில் இருந்து கதைத்தோம், பக்கத்துக் கிராமத்து மருத்துவமாது வந்து தந்த உதவியோடு. கல் பொறுக்குகிற, சமைக்கிற பெண்களில் பலர் தனியே குடும்பம் சுமப்பவர்கள். வேலை தருகிறவன் கை வைத்தால் எங்கே போய்ச் சொல்வது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. ஆணுறை விளக்கத்தோடு அங்கே போய் நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது. முறைப்பாடு செய்ய ஒரு வழி ஏற்படுத்தாமல் பெண்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று அன்று முடிவெடுத்தேன். பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை அடுத்த முறை கூட்டிக்கொண்டு போனோம்.

2012 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நின்றது. 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்தச் செய்தியை வானொலியில் கேட்டபோது அம்மா அடுப்படியில் இருந்தா. "அப்ப இனி வராதோ?" என்று கேட்டா. வரலாம் அம்மா. நுளம்பு இங்கேயே இருக்கிறது. அதே வருடக் கடைசியில் மன்னாரில், நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய நுளம்பையும் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வருகிறவர்களோடு கிருமி வந்துகொண்டிருக்கிறது. இரத்தினக்கல் வியாபாரத்துக்கு மடகஸ்கார், மொசாம்பிக் போய் வருகிறவர்கள் அதில் முக்கியமானவர்கள். போகமுன் மலேரியா தடுப்பு இயக்கத்திடம் தடுப்புக் குளிசை இலவசமாக வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இது நடந்தது அதற்குப் பிறகு. இயந்திரம் ஓட்டுகிற ஒருவர் மொசாம்பிக்கில் ஒப்பந்த வேலை முடித்து வந்து எங்கள் பழைய குவாரியில் சேர்ந்தார். பத்தாம் நாள் காய்ச்சல். ஒரு இடத்தில் காட்ட, வைரஸ் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். டெங்குச் சோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. மலேரியாவை யாரும் நினைக்கவில்லை, இளம் வைத்தியர்கள் பலர் வாழ்க்கையில் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். நாலாம் நாள் இரவு அவர் சோறு வேண்டாம் என்று திரும்பியபோது அதே சமையல் அக்காதான் மறித்தா.

"எங்கயிருந்து வந்தனி தம்பி நீ? வெளிநாடோ? எந்த நாடு?"

நாட்டின் பெயர் அவவுக்குப் பிடிபடவில்லை. "அங்க நுளம்பு இருக்கோ?" என்று அடுத்த கேள்வி. உடனே எனக்கு அழைப்பெடுத்தா. இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று அனுமதிக்கும் இடத்திலேயே சொல்லச் சொன்னோம். பல்சிப்பாரம், மலேரியாவில் உயிரைக் குடிக்கும் வகை. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. மலேரியா இயக்கத்தார் அடுத்த நாளே வந்து கொட்டிலில் எல்லாருடைய இரத்தமும் எடுத்தார்கள், குழிகளில் குடம்பி தேடினார்கள். வேறு எவருக்கும் இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் குவாரிக்குப் போனபோது சம்பளப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முதலாளி மாறிவிட்டார், சுப்பவைசர் மாறிவிட்டார். அந்த ஓட்டுநரின் பெயருக்கு நேரே, நீல மையில், "காய்ச்சல் - 3 நாள் - முழு" என்று எழுதியிருந்தது.